நடுக்கதவுக்குப் பின்னால் நாற்பத்து மூன்று கிலோ

இப்போதெல்லாம் ஒருத்தரிடம் ஒரு வரி எழுதிக் கொடு என்று கேட்டால், சொத்தில் பாதியைக் கேட்டது மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். வாயால் சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவே இல்லை. "நான் இருக்கேன் இல்ல", "நான் பார்த்துக்கறேன்", "என் மேல நம்பிக்கை இல்லையா". இந்த மூன்றை வைத்துக்கொண்டே பாதி உலகம் இடத்தை வாடகைக்கு விடுகிறது, மீதி உலகம் எடுக்கிறது. நாளைக்கு ஒன்று என்றால் சொன்ன வாயைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தராசுக்காரர் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. நாற்பது வருஷமாக எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கடைக்காரன் கட்டை விரலால் தட்டை அமுக்குவதையும், வாங்க வருகிறவன் அதே தட்டைத் தூக்கிப் பிடிப்பதையும் பார்த்துப் பார்த்து, மனுஷ ஜாதி மேலேயே நம்பிக்கை விட்டுப் போனவர். அவர் நம்புவது மூன்றே மூன்று. முத்திரை குத்திய எடைக்கல். தரை சமமாக இருக்கிறதா என்று காட்டும் ரசமட்டம். அப்புறம் வீட்டம்மாவின் வாய். அது ஒன்றுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஏமாந்தது ஒரு தரையைப் பார்த்து.

அவர் கடை இருந்த இடத்தை இடித்துவிட்டார்கள். வேறு இடம் தேடி அலைந்தபோது பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருவன் கூப்பிட்டான். நீளமான கடை. முன்பாதியில் பார்சல் மூட்டைகள், பின்பாதியில் ஒரு காலி அறை. இரண்டுக்கும் நடுவில் கனமான ஒரு மரக்கதவு. தராசுக்காரர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து உள்ளறைத் தரையில் வைத்தார். குமிழி ஓடிப் போய் நட்ட நடுவில் நின்றது. திருப்பி வைத்தார். அப்போதும் நடுவில். எடை மெஷின் சரிபார்க்க இப்படி ஒரு தரை கிடைப்பது அபூர்வம். மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

"கட்டடம் உன்னுதா?" என்று கேட்டார்.

"இல்ல பெரியவரே. நானும் வாடகைக்குத்தான் இருக்கேன். உங்களுக்கு உள்வாடகைக்குத் தர்றேன்."

"கட்டடக்காரருக்குத் தெரியுமா?"

பார்சல்காரன் சிரித்தான். கேட்ட கேள்விக்குச் சிரிக்கிறவனைத் தராசுக்காரருக்குப் பிடிக்காது.

"அவர்கிட்ட சொல்லிக்கலாம், நான் இருக்கேன் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும். அவர் எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா, நடுக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கிட்டு, கொஞ்ச நேரம் சத்தம் காட்டாம உள்ளேயே இருங்க. போயிடுவாரு."

"நான் என்ன திருடனா, ஒளிஞ்சுக்கறதுக்கு?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சு வேண்டாம், காகிதம் வேணும். தராசு சரிபார்த்து முத்திரை குத்தற என் லைசென்ஸ் மாசக் கடைசியோட முடியுது. கட்டடச் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாம ஆபீசர் புதுப்பிக்க மாட்டான். லைசென்ஸ் போச்சுன்னா நான் தொட்ட தராசை எவனும் தொட மாட்டான். புரியுதா?"

"மாசக் கடைசிதானே? நான் பார்த்துக்கறேன்."

அன்று ராத்திரி வீட்டம்மா கேட்டார். "எழுதி வாங்கினீங்களா?"

"வாங்கணும்."

"ஊரையே நம்பாத மனுஷன். தரை நல்லா இருக்குன்னு போய் உட்கார்ந்துட்டு வந்திருக்கீங்க. உங்களைப் பெத்தவங்க இருந்திருந்தா ரெண்டு போட்டிருப்பாங்க."

தராசுக்காரர் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. உயரத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன வெளிச்சத் துவாரம், இரண்டு கை அகலம். மேலே தகரக் கூரை. பத்து மணிக்கே அறை கொதிக்க ஆரம்பித்துவிடும். பக்கத்துக் கட்டடம் தகரப் பட்டறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியல் சத்தம் ஓயாது. முதல் இரண்டு நாள் தலை வலித்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

பழகாதது வாசனை. அவர் வேலைக்கு மெஷின் எண்ணெயும் துருவும்தான் வாசனை. இங்கே மத்தியானம் ஆனால் சூடான துணியின் வாசனை வந்தது, கூடவே தையல்காரர்கள் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியின் வாசனையும். தரை இடுக்கில் பொத்தான்கள் கிடந்தன. பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். மறுநாள் மறுபடியும் கிடந்தன.

ஐந்தாம் நாள், கை கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அறை நடுவில் அவருடைய சொந்த எடை மெஷின். ஆள் ஏறி நிற்கிற மாதிரி இரும்புத் தட்டு, மேலே வட்ட முகம், ஒற்றை முள். மற்ற மெஷின்களுக்கெல்லாம் அதுதான் நீதிபதி.

முள் நகர்ந்தது.

மெதுவாக ஏறி, நாற்பத்து மூன்றில் நின்றது. தட்டில் ஒன்றும் இல்லை.

தராசுக்காரர் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கிட்டே போனார். முள் செத்தாற்போல் நிற்கவில்லை. நூல் அளவுக்கு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. ஆள் நின்று மூச்சு விட்டால் முள் அப்படித்தான் ஆடும். அது அவருக்குத் தெரியும்.

"ஸ்பிரிங்," என்றார் சத்தமாக. தனக்குத்தானே.

அன்றைக்கே பிரித்துப் புது ஸ்பிரிங் போட்டார். எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தார். இருபதுக்கு இருபது காட்டியது, ஐம்பதுக்கு ஐம்பது. மறுநாள் மத்தியானம் அதே நேரம், காலித் தட்டில் நாற்பத்து மூன்று. இருபது கிலோக் கல்லைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். அறுபத்து மூன்று காட்டியது. கல்லை எடுத்தார். நாற்பத்து மூன்று.

கெட்டுப்போன மெஷின் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குச் சொல்லாது.

அதற்கப்புறம் அவர் மத்தியானச் சாப்பாட்டை வெளியே, ரோட்டோரமாக நின்றுகொண்டே சாப்பிட்டார். எதிர்ப்பக்கம் லாண்டரி வைத்திருக்கிற அம்மா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அய்யா, நீங்க அந்த உள்ரூம்லயா இருக்கீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல." தேய்த்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். "உங்களுக்கு முன்னாடி அங்க ஒரு அக்கா இருந்தாங்க. சட்டைக்குப் பொத்தான்துளை போட்டுக் கொடுப்பாங்க. பொத்தான் அக்கான்னுதான் சொல்லுவோம். ஒல்லியா, காத்தடிச்சா பறந்துடற மாதிரி இருப்பாங்க."

"காலி பண்ணிட்டாங்களா?"

லாண்டரி அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவங்களும் உள்வாடகைதான். கட்டடக்காரருக்குத் தெரியாது. ஒரு நாள் பார்சல்காரன் வெளியூர் போயிருந்தான், கட்டடக்காரர் வந்திருக்காரு. இந்த அக்கா சொன்னபடி கதவைச் சாத்திக்கிட்டு மூச்சு விடாம உட்கார்ந்திருக்காங்க. கடையில ஆளே இல்லைன்னு அவர் ஷட்டரை இறக்கிப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. எட்டு நாள் கழிச்சுத்தான் திறந்தாங்க."

தராசுக்காரர் கையில் இருந்த சோற்றைப் பொட்டலத்திலேயே போட்டார்.

"தட்டியிருப்பாங்களே! ரோட்டுல ஒருத்தருக்குக் கூடவா கேட்கல?"

"கேட்டுச்சுய்யா." அந்த அம்மாவின் குரல் தழுதழுத்தது. "விரல்ல இரும்புக் குப்பி மாட்டியிருப்பாங்க இல்ல, ஊசி குத்தாம இருக்க? அதால தட்டியிருக்காங்க. மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். ரெண்டு நாள் என் காதுலயே விழுந்துச்சு. தகரப் பட்டறைச் சத்தம்னு நினைச்சு நான் பாட்டுக்குத் துணி தேய்ச்சுக்கிட்டிருந்தேன்."

அன்று சாயங்காலம் தராசுக்காரர் பார்சல்காரனின் சட்டையைப் பிடிக்காத குறை.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"பெரியவரே, பூட்டினது அவரு. நான் ஊர்லயே இல்ல. நான் எப்படிப் பொறுப்பு?"

"அவர் என்ன சொன்னாரு?"

"எனக்குத் தெரியாத ஆளுக்கு நான் எப்படிப் பொறுப்புன்னாரு. அதுவும் நியாயம்தானே? இடம் அவருது. வாடகைக்கு எடுத்தவன் நான். அந்த அம்மா அவர் காகிதத்துலயும் இல்ல."

"உன் காகிதத்துல?"

பார்சல்காரன் மூட்டை கட்டும் சணல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நானும் இப்போ அதே மாதிரிதானே உட்கார்ந்திருக்கேன்?" என்றார் தராசுக்காரர். "இங்க பாரு. இடத்தைக் கொடுத்தவனுக்கு, உள்ள யார் இருக்காங்கன்னு தெரியணும். நடுவுல நிக்கிறவன், ரெண்டு பக்கமும் உண்மையைச் சொல்லணும். இருக்கிறவன், இடத்தைக் கெடுக்காம வெச்சிருக்கணும். என் பங்கை நான் ஒழுங்காப் பண்றேன். அடுத்த தடவை அந்த ஆள் வந்தா நான் ஒளிய மாட்டேன். நேரா முன்னாடி போய் நின்னு கையெழுத்துக் கேட்பேன்."

"கேளுங்க," என்றான் அவன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவன் போல, "போக விட்டாங்கன்னா கேளுங்க," என்றான்.

யார் விட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு நாள், தகரப் பட்டறைக்கு விடுமுறை. சுத்தியல் சத்தம் இல்லாமல் தெருவே ஊமையாகிப் போன மாதிரி இருந்தது. பார்சல்காரன் மத்தியானம் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தராசுக்காரர் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நடுக்கதவு அகலத் திறந்து கிடந்தது.

சூடான துணி வாசனை வந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முள் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. செருப்புச் சத்தம். "யாரும் இல்லையா?" என்று ஒரு வயசான குரல். "கடையைத் திறந்து போட்டுட்டு எங்கடா போனே?"

கட்டடக்காரர்.

தராசுக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பையில் எழுதித் தயாராக வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. டக்.

தட்டிலிருந்து யாரோ இறங்கின மாதிரி.

நடுக்கதவு தானாக நகர்ந்தது. வேகமாக இல்லை. தூங்குகிற வீட்டில் சத்தம் வராமல் சாத்துகிற மாதிரி, அவ்வளவு பதவிசாக. சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து வளையத்தில் போய் உட்கார்ந்தது.

"அய்யா!" என்று கத்த வாயைத் திறந்தார்.

உதட்டின் மேல் ஏதோ பட்டது.

சின்னதாக. வட்டமாக. ஐஸ் மாதிரி குளிர்ந்த இரும்பு.

"ஷ்ஷ்..."

காதுக்குப் பக்கத்தில், மூச்சே இல்லாத ஒரு குரல்.

"அவர் வந்திருக்காரு. சத்தம் காட்டக் கூடாதாம்."

இரும்பு அவர் உதட்டை இன்னும் அழுத்தியது. வெளியே கட்டடக்காரர் இன்னும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் ஏதோ முணுமுணுத்தார். வாசல் பக்கம் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தார். உள்ளறை விளக்கு அவிந்தது.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

பூட்டு விழுந்தது.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் உதட்டின் மேலிருந்த இரும்பு விலகியது. தராசுக்காரர் தாழ்ப்பாளை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். கதவைக் குத்தினார். அவர் குத்தக் குத்த, பக்கத்திலேயே, அதே கதவின் மேல், இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது.

டக், டக், டக்.

நிறுத்தம்.

டக், டக், டக்.

கூரை கொதித்தது. துவாரத்திலிருந்து விழுந்த கொஞ்சம் வெளிச்சத்தில் தூசி மட்டும் தெரிந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. வீட்டம்மா சாயங்காலம் வரை தேட மாட்டார். பார்சல்காரன் வருவானா, பூட்டைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவானா, அவனை யார் நம்புவது?

"சொன்னபடிதானே இருந்தேன்?" என்றது குரல்.

தராசுக்காரர் மறுபடியும் தாழ்ப்பாளை இழுத்தார்.

"ரெண்டு பேரும் நான் இல்ல, நான் இல்லன்னு சொன்னாங்களாமே. அப்போ நான் யார் பொறுப்பு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கத்தினார். "நானே பொறுப்பில்லாம நிக்கிறேன்!"

டக், டக், டக். இப்போது கதவில் இல்லை. அவர் நெஞ்செலும்பின் மேல்.

"யார் பொறுப்பு?"

அவர் வாழ்நாளில் யோசிக்காமல் ஒரு வார்த்தை கொடுத்தது கிடையாது. கல்யாணத்துக்கே மூன்று மாசம் யோசித்தவர். ஆனால் அந்த இருட்டில், அந்தச் சூட்டில், நெஞ்சின் மேல் அந்த இரும்போடு யார்தான் யோசிப்பார்கள்?

"சரி, என் பொறுப்பு!" என்றார். "என் பொறுப்புன்னே வெச்சுக்க. கதவை விடு, தாயி!"

சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் வெண்ணெயில் நழுவுகிற மாதிரி நழுவியது.

மூட்டை மூட்டையாகத் தடவிக்கொண்டு ஓடி ஷட்டரில் முட்டினார். இரண்டு கையாலும் அடித்தார். வெளியே லாண்டரி அம்மாவின் அலறல் கேட்டது. "அய்யா! இருங்கய்யா! வர்றோம்! ஏய், அந்த வண்டியை நிறுத்துங்க!"

தெருமுனைக் கடையில் நின்றுவிட்டுக் கிளம்பிய வண்டியை மறித்து, கட்டடக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா. ஷட்டர் ஏறியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார்.

லாண்டரி அம்மா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு பேர் தட்டினீங்களே. இன்னொருத்தர் எங்க?"

கட்டடக்காரர் கையில் சாவியோடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, பூட்டு ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷர். "நீங்க யாரு? உள்ள எப்படி வந்தீங்க? எனக்கு யாரும் சொல்லலையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தராசுக்காரர் கசங்கின காகிதத்தை நீட்டினார். "நான் உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியும், உங்க சம்மதம்தான்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

கட்டடக்காரர் மறு பேச்சில்லாமல் பேனாவை எடுத்தார்.

"இருங்க. கீழே இன்னொரு வரி எழுதுங்க. எனக்கு முன்னாடி உள்ள இருந்த அம்மா. அவங்களுக்கும் நீங்கதான் பொறுப்புன்னு."

பேனா நின்றது.

"போனவங்களுக்கு எதுக்குங்க இப்போ? நான் அன்னைக்கே சொல்லிட்டேன், எனக்குத் தெரியாத ஆளுக்கு..."

"எழுத மாட்டீங்க?"

"அது எப்படிங்க எழுதறது?"

தராசுக்காரர் காகிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். லைசென்ஸ், மாசக் கடைசி, நட்ட நடுவில் நிற்கிற குமிழி, எல்லாம் அந்த நான்கு துண்டோடு போயிற்று. மெஷின்களை வண்டி வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று லாண்டரி அம்மாவிடம் சொல்லிவிட்டு, ரசமட்டத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தெருக்கோடியில் பழைய இரும்புக் கடை. அந்தக் கடையின் எடை மெஷினை அவர்தான் போன வாரம் சரிசெய்து முத்திரை போட்டுக் கொடுத்திருந்தார்.

"என்ன அண்ணே, இப்படி வேர்த்து ஊத்துது?" என்றான் கடைக்காரன். "பத்து மூட்டை சுமந்த மாதிரி வளைஞ்சு நடக்கறீங்க?"

"வெயில்."

"இங்க நிழல்ல நில்லுங்க."

நிழல், மெஷினின் தட்டு மேல்தான் இருந்தது. தராசுக்காரர் ஏறி நின்றார். பத்து வருஷமாக அவர் எடை அறுபத்தொன்று. அதில் மாற்றமே கிடையாது.

முள் அறுபத்தொன்றைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. நூற்று நான்கில் போய் நின்றது.

நூல் அளவுக்கு ஆடியது. இரண்டு மூச்சு, ஒன்றோடு ஒன்று சேராமல்.

"அடேங்கப்பா!" என்று கடைக்காரன் சிரித்தான். "அண்ணி சாப்பாடு பலம்தான் போல." சிரித்துக்கொண்டே, அவர் இறங்கினதும் தான் ஏறிப் பார்த்தான். எழுபத்திரண்டு. அவன் எடை அதுதான், சரியாக. சிரிப்பு பாதியில் நின்றது.

"ஸ்பிரிங் போயிடுச்சு," என்றார் தராசுக்காரர்.

"நீங்கதானே அண்ணே போன வாரம்..."

"போயிடுச்சுன்னா போயிடுச்சு. தாழ்ப்பாள்னா சூட்டுல இறுகும், மெஷின்னா ஸ்பிரிங் போகும். எனக்கா சொல்றே? யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தோளைக் கொஞ்சம் குலுக்கிவிட்டு, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பைக்குள் ரசமட்டத்தின் கண்ணாடி மேல் ஏதோ இரும்பு மெதுவாகத் தட்டியது.

மூன்று தட்டு. ஒரு நிறுத்தம்.

"வீட்டுக்குப் போனதும் வாயைத் திறக்கக் கூடாது, தெரியுதா?" என்றார் தராசுக்காரர், யாரிடம் என்று இல்லாமல். "அங்க ஏற்கெனவே ஒருத்தி இருக்கா."